ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினும் லிசெஸ் தளமும்: வில்லாபுரத்து மாடி வகுப்பில் ஈராண்டுப் பயன்பாடு

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே பதினான்கு பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கிறேன். வார நாட்களில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுபவன் நான். ஆட்டக்காரனாக மாவட்டப் போட்டிகளைத் தாண்டிச் சென்றவனல்லன். பிள்ளைகளில் மூவர், ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் கணிக்கும் ரேட்டிங் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியதும், அவர்களுடைய ஆட்டங்களில் பிழை பார்க்க என் அறிவு போதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் குறையை நிரப்ப இரண்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினையும் (நகர்த்தல்களைக் கணித்து ஆடும் கணினி நிரல் அது), அதைக் காசில்லாமல் நம் கைக்குக் கொண்டுவரும் லிசெஸ் தளத்தையும் பற்றியே இந்த மதிப்புரை. பிள்ளைக்குச் சதுரங்கம் பழக்க என்ன வாங்கலாம் என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பணத்தைச் செலவழிப்பதற்கு முன் அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நானும் முதலில் பணத்தைத்தான் செலவழித்தேன். காயை அழுத்தி வைத்தால், எதிர் நகர்த்தலைக் கட்டத்தின் ஓரத்தில் எரியும் சிறு விளக்கால் காட்டும் எலக்ட்ரானிக் பலகை ஒன்றை இணையவழியில் வரவழைத்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. என் போன்றவனுக்கு அது சிறு தொகையன்று. நான்காவது மாதத்தில் ஓரத்து வரிசையின் கட்டங்கள் காயை உணர மறுத்தன. தகரக் கொட்டகையின் சித்திரை வெக்கையில் வைத்திருந்தது என் தவறு என்று கூறி, விற்றவர்கள் உத்தரவாதத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். அதைவிட என்னை வருத்தியது அந்தப் பலகை ஆடிய விதம். தொடக்கநிலை மாணவருக்கென்று அதில் அமைத்திருந்த படிநிலைகளில் அது பதினைந்து நகர்த்தல்கள் வரை தேர்ந்த ஆட்டக்காரரைப் போல ஆடிவிட்டு, திடீரென ஒரு யானையைச் சும்மா கொடுத்துவிடும். பிள்ளைகள் இதை இரண்டே வாரத்தில் கண்டுகொண்டார்கள். திட்டமிட்டு ஆடுவதை விட்டுவிட்டு, யானை எப்போது விழும் என்று காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். பலம் குறைத்து ஆடவிடப்படும் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றிலும் இந்த இயல்பு ஓரளவு இருக்கிறது. மனிதர் செய்யும் தவறுக்குப் பின்னால் அவசரமோ ஆசையோ அச்சமோ இருக்கும். அதைப் படிக்கலாம், அதற்கு வலை விரிக்கலாம். வேண்டுமென்றே புகுத்தப்பட்ட தவறில் படிக்க ஒன்றுமில்லை.

அந்தப் பலகையை ஒதுக்கிவைத்த பிறகே, ஒரு பழைய மடிக்கணினியும் கைபேசி இணைய இணைப்புமாக லிசெஸ் தளத்துக்கு வந்தேன்.

ஸ்டாக்ஃபிஷ் 2008 நவம்பரில் வெளிவந்தது. நார்வே நாட்டவரான டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய குளோருங் என்ற எஞ்சினை எடுத்துக்கொண்டு இத்தாலியரான மார்கோ கோஸ்டால்பா வளர்த்தெடுத்தார். ஃபின்லாந்தின் யூனா கீஸ்கியும் உடன் சேர்ந்தார். ஸ்டாக்ஃபிஷ் என்பது உப்பிடாமல் காற்றில் உலர்த்தும் ஒரு வகைக் கருவாட்டின் பெயர். நார்வேயில் காய்ந்து இத்தாலிய அடுக்களையில் வேகும் மீன் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியது. நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பில், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பு ஒன்று இதனுள் சேர்க்கப்பட்டது. 2024-இல் வந்த 16.1 பதிப்போடு, ஒரு நிலை நல்லதா கெட்டதா என்று கணிக்க மனிதர் கையால் எழுதிவைத்திருந்த விதிகள் முழுவதுமாக நீக்கப்பட்டு, அந்தக் கணிப்பு வலையமைப்பிடமே விடப்பட்டது. லிசெஸ் தளத்தை 2010-இல் தொடங்கியவர் பிரான்சு நாட்டவரான திபோ டுப்ளெசி. அது நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் கிடையாது, பணம் கொடுத்தவருக்கு ஒரு வசதி, கொடுக்காதவருக்கு வேறொன்று என்ற பாகுபாடும் கிடையாது. ஆட்டோ ஓட்டுநரின் மகளும் மருத்துவரின் மகனும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் என் வகுப்பில் இதன் அருமை எனக்கு ஒவ்வொரு வாரமும் தெரிகிறது.

எஞ்சினின் பலத்தைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. முன்னாள் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் எட்டிய உச்ச ரேட்டிங் 2882. எஞ்சின்களைத் தங்களுக்குள் மோதவிட்டுத் தயாரிக்கும் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் 3500-க்கு மேல் நிற்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் இன்று எந்த மனிதரும் இதனோடு சமமாக ஆட முடியாது என்பதில் ஐயமில்லை. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ என்ற கணினி, சதுரங்கத்துக்கென்றே வடித்த 480 சில்லுகளை வைத்துக்கொண்டு நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. என் பழைய மடிக்கணினி அதில் மிகச் சிறு பங்கைத்தான் ஆராய்கிறது. இருந்தும் அதில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் டீப் புளூவைவிட வலிமையானது; ஏனெனில் பயனற்ற கிளைகளை எங்கே வெட்டிவிட வேண்டும் என்பதை இடைப்பட்ட கால் நூற்றாண்டில் நிரல் எழுதுபவர்கள் கற்றுக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பார்ப்பதைவிட எதைப் பார்க்க வேண்டாம் என்று தெரிவது பெரிது. பிள்ளைகளிடம் நான் இதையே வேறு சொற்களில் சொல்கிறேன்.

வகுப்பில் இதைப் பயன்படுத்தும் முறை எளியது. போட்டியில் எழுதிய ஆட்டக் குறிப்பைத் தளத்தின் ஆய்வுப் பலகையில் ஏற்றி, கணினி ஆய்வைக் கேட்டால், சிறிது நேரத்தில் ஆட்டம் முழுவதும் ஒரு வரைகோடாக வந்து நிற்கும். யார் எப்போது மேலேறினார், எங்கே சரிந்தார் என்பது ஒரே பார்வையில் தெரியும். சிறு பிசகு, தவறு, பெருந்தவறு என மூன்று தரமாக நகர்த்தல்கள் குறிக்கப்படும். இதற்குப் பிறகு வரும் ஒரு வசதிதான் எனக்கு எல்லாவற்றிலும் உயர்வாகப் படுகிறது: தவறு நடந்த நிலையை மறுபடி நம் முன் வைத்து, இதைவிட நல்ல நகர்த்தலை நீயே கண்டுபிடி என்று கேட்கும். விடையைச் சொல்லாமல் கேட்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர். இது தவிரப் புதிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, கணக்கு வைக்காமல் போடலாம். ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சிய நிலைகளுக்கு வெற்றியா டிராவா என்று மாறாத தீர்ப்பு சொல்லும் அட்டவணைகளும் உண்டு.

இனி இடர்ப்பாட்டுக்கு வருகிறேன். திரையில் தெரியும் பலகையின் ஓரத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் பட்டை ஒன்று கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும்; அதனருகில் ஓர் எண். முதல் ஆறு மாதங்கள் நானும் அந்த எண்ணைத் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். கூட்டல் 1 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம் இருப்பதற்குச் சமம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பழைய எஞ்சின்களுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பு முதல் ஸ்டாக்ஃபிஷ் அந்த அளவை மாற்றிக்கொண்டுவிட்டது: கூட்டல் 1 என்றால், அந்த நிலையிலிருந்து எஞ்சினும் எஞ்சினும் மோதினால் வெள்ளை வெல்வதற்கு ஐம்பது விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். எஞ்சினும் எஞ்சினும் மோதினால் என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் மோதினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் கூறவில்லை. ஒரு மாணவன் எதிராளியின் ராஜாவைச் சுற்றி வளைத்து அருமையாக ஆடிய ஆட்டம் ஒன்றை ஆய்வுக்குப் போட்டபோது, பாதி ஆட்டம் அவனுக்குப் பாதகமாகப் பட்டை காட்டியது. எதிர்த்தரப்புக்குத் தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அது பதினோரு நகர்த்தல்கள் ஆழத்தில் இருந்தது. உயிருள்ள எவரும் அந்த அரங்கில் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். பையனின் முகம் வாடிவிட்டது. "நான் ஜெயிச்சது தப்பா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எஞ்சினிடம் விடை இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை ஸ்டாக்ஃபிஷ் சொல்வதில்லை. அது குறையென்று நான் குற்றம் சாட்டவில்லை. அதற்காக அது செய்யப்படவுமில்லை. ஆனால் இதைக் கையில் கொடுத்தால் போதும், ஆசிரியர் தேவையில்லை என்று எண்ணும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: இந்த எஞ்சின் கொடுப்பது தீர்ப்பு மட்டும். காரணத்தைப் பிள்ளை முதலில் தானாகத் தேடியிருந்தால்தான் அந்தத் தீர்ப்பு அவளுக்குப் பயன்படும். தேடாத பிள்ளையின் கையில் அதே எஞ்சின் சிந்தனையை முடக்கிவிடுகிறது.

உலக சாம்பியன்களுக்கே அது நேர்ந்திருக்கிறது என்பதால்தான், எஞ்சினைத் திறப்பதற்கு முன் சாம்பியன்கள் கணினியோடு மோதிய கதையை என் வகுப்பில் பாடமாகவே வைத்திருக்கிறேன். 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் முதல் ஆட்டத்தை டீப் புளூவிடம் இழந்த காஸ்பரோவ், அந்தத் தொடரை 4–2 என்று வென்றார். மறு ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் இரண்டாவது தொடர். முதல் ஆட்டத்தில் வென்றார். இரண்டாவது ஆட்டத்தில் கணினி, காயைப் பறிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு எதிராளியின் மூச்சை மெல்ல மெல்லக் கட்டுவதைப் போல ஆடியது. கணினி அப்படி ஆடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 45-ஆவது நகர்த்தலுக்குப் பின் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த நிலையில் ராணியை எதிராளியின் எல்லைக்குள் செலுத்தித் தொடர்ந்து செக் வைத்து டிரா செய்திருக்கலாம் என்பது ஆய்வில் தெரியவந்தது. இவ்வளவு நுட்பமாக ஆடிய எந்திரம் இவ்வளவு எளிய தப்பும் வழியை விட்டுவைத்திருக்காது என்ற நம்பிக்கையே அவரைத் தேடவிடாமல் செய்தது என்பது என் கருத்து. மூன்று ஆட்டங்கள் டிரா. கடைசி ஆட்டத்தில் எட்டாவது நகர்த்தலிலேயே கணினி குதிரையைப் பலிகொடுத்துப் பத்தொன்பது நகர்த்தல்களில் முடித்தது. தொடர் 3½–2½ என்று கணினிக்குப் போயிற்று. கடைசி ஆட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவது ஆட்டமே பெரிதாகப் படுகிறது. பட்டை கீழே இறங்கியதும் "இவ்வளவு காட்டுதே, இனி ஆடி என்ன சார் செய்யப்போறோம்?" என்று காய்களைக் கலைக்கப்போகும் பிள்ளை ஒவ்வொரு வாரமும் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

நம்முடைய விஸ்வநாதன் ஆனந்தும் இந்தப் பாதையில் நடந்தவர்தான். 1998-இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபல் 10 என்ற நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடி 3–5 என்று தோற்றார். அந்தத் தோல்வியைப் பிரித்துப் பார்த்தால்தான் பாடம் தெரியும். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கில் நிரல் 3–1 என்று வென்றது; கால் மணி நேர ஆட்டங்கள் இரண்டிலும் அதற்கே மேல்கை; முழு நேரம் கொடுத்து ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஆனந்த் 1½–½ என்று வென்றார். அவசரத்தில் எந்திரம் பிசகுவதில்லை, நாம் பிசகுகிறோம். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் லியோன் நகரில், ஆட்டக்காரர் இருவரும் தத்தம் அருகில் கணினியை வைத்துக்கொண்டு ஆடும் புதுவகைப் போட்டியில், உலக சாம்பியன் பட்டம் வென்றவரான கார்போவை 5–1 என்று வீழ்த்தினார்; 2000, 2001 ஆண்டுகளிலும் அங்கே அவரே வென்றார். இருவரிடமும் கணினி இருந்தது. அதனிடம் என்ன கேட்க வேண்டும், அது சொன்னதில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிந்தவர் வென்றார். கைபேசியில் மூன்று நிமிட ஆட்டமாக எஞ்சினோடு மோதி, நூறு முறை தோற்று, கண் சிவந்து தூங்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். எஞ்சினோடு ஆடுவதானால் கடிகாரம் இல்லாமல் ஆடட்டும்.

2006-இல் பான் நகரில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலிடம் 2–4 என்று தோற்ற தொடரை நான் வேறொரு காரணத்துக்காக வைத்திருக்கிறேன். இரண்டாவது ஆட்டத்தில் தன் ராணியை நகர்த்திவிட்டு அவர் எழுந்திருக்க, அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட் விழுந்தது. ஒரே நகர்த்தல் தூரத்தில் இருந்த செக்மேட்! போட்டியில் அப்படியே தோற்று, வரும் வழியெல்லாம் பேருந்தில் அழுதுகொண்டு வந்த ஒரு மாணவிக்கு அந்த நிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டினேன். "உலக சாம்பியனா சார்?" என்று மூன்று முறை கேட்டாள். எஞ்சினின் ஆய்வு அவளுடைய நகர்த்தலுக்குப் பெருந்தவறு என்று சிவப்புக் குறியிட்டிருந்தது; கிராம்னிக்கின் நகர்த்தலுக்கும் அதே குறிதான்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷுக்கும் அப்போதைய சாம்பியன் டிங் லிரனுக்கும் இடையே பதினான்காவது ஆட்டம். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளை மாடியில் சேர்த்துக்கொண்டு நேரலையைப் பார்த்தோம். திரையின் ஓரத்தில் இருந்த பட்டையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவைத்திருந்தேன். 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை மாற்றிக்கொள்ள முன்வைத்தபோது, பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த உலகத்துக்கெல்லாம் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிட்டது. பட்டை இல்லாமல் பலகையின் முன் கறுப்புக் காய்களோடு அமர்ந்திருந்த குகேஷுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. எங்கள் மாடியிலும் அப்படித்தான். யானைகள் மாறியபின் மந்திரிகளையும் மாற்றிக்கொள்ளும்படி கறுப்பால் கட்டாயப்படுத்த முடியும், அப்புறம் மிஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் கறுப்பே வெல்லும் என்பதை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலால் கட்டங்களை எண்ணி எண்ணிச் சொன்னபோது, அவன் குரல் நடுங்கியது. காகிதத்தை நான் எடுக்கவேயில்லை. மறுநாள் மாலை அந்தச் சிப்பாய் ஆட்டத்தை லிசெஸ் பலகையில் அமைத்து, வெள்ளைப் பக்கத்தை முழு பலத்தோடு ஸ்டாக்ஃபிஷிடம் கொடுத்து, ஒவ்வொருவரையும் வென்று காட்டச் சொன்னேன். எஞ்சினோடு முழு பலத்தில் ஆடுவதற்கு மிகச் சிறந்த இடம் இதுதான்: வெல்ல வேண்டிய இறுதியாட்டம். எதிரில் இருப்பது துளியும் தவறு செய்யாது, ஆகவே நம் நுணுக்கம் சரியாக இருந்தால்தான் வெல்லலாம். ராஜாவும் யானையும் கொண்டு தனி ராஜாவைச் செக்மேட் செய்வதையும் இப்படியே பழக்குகிறேன். ஸ்பெயினின் டோரஸ் கெவேதோ 1912-இல் செய்த எந்திரம் அந்த ஒரே வேலையைத் தானாகச் செய்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

குகேஷின் தொடக்கப் பயிற்சியில் எஞ்சின்கள் விலக்கியே வைக்கப்பட்டிருந்தன என்பதும், அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அதை வேண்டுமென்றே செய்தார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் அவர். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எஞ்சினே வேண்டாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். குகேஷுக்குப் பக்கத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்தார் அம்மா, நம் பிள்ளைகளுக்கு நான்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். உயர்ந்த பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதது எங்கள் ஊருக்குப் புதிய செய்தியும் அன்று. 2025-இல் பிராக் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற அரவிந்த் சிதம்பரம் மதுரைத் திருநகரில் பிறந்தவர். அவருக்குச் சதுரங்கத்தை முதலில் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. பிறகு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மதுரையில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்வி என்னை விட்டதில்லை. அந்தத் தூரத்தை இந்த எஞ்சின் கொஞ்சம் கூட்டியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் மாடியில் இப்போது நடப்பது இதுதான். போட்டி முடிந்து வரும் பிள்ளை நாற்பது பக்க நோட்டு ஒன்றில், எந்த நகர்த்தலுக்கு அதிக நேரம் எடுத்தது, எங்கே பயம் வந்தது, எங்கே தவறிவிட்டதாகத் தோன்றுகிறது என்று தன் கையால் எழுத வேண்டும். எழுதி முடிக்கும் வரை மடிக்கணினி திறக்கப்படாது. பிறகு எஞ்சினின் குறிகளோடு நோட்டை ஒப்பிடுகிறோம். பயந்த இடத்தில் ஆபத்தே இல்லை என்றும், நிம்மதியாகக் கடந்துவந்த இடத்தில் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது என்றும் தெரியவரும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வரும் வியப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. தொடக்கநிலைப் பிள்ளைகள் எதிராளியில்லாத நாட்களில் ஆட, மையா என்ற எஞ்சினைப் பரிந்துரைக்கிறேன். டொரண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் கூடமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்டது. லிசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு, ஒவ்வொரு ரேட்டிங் அளவிலும் மனிதர் எப்படி ஆடுவார்களோ அப்படி ஆடப் பழக்கப்பட்டது. அது செய்யும் தவறுகள் நம் தவறுகளைப் போலவே இருக்கின்றன. அதே தளத்தில் அதனோடு ஆடலாம்.

நடைமுறையில் சில எச்சரிக்கைகள். விலை குறைந்த கைபேசியில் எஞ்சினை நீண்ட நேரம் ஓடவிட்டால் கைபேசி சுடும், பேட்டரி விரைவில் இறங்கும். ஒரு நிலைக்கு அரை நிமிடம் போதும். பிறரோடு ஆடும் ஆட்டத்தில் எஞ்சினின் உதவியை எடுப்பது மோசடி. தளம் கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடும், ரேட்டிங் போட்டி அரங்குக்குள் கைபேசியை உடன் வைத்திருந்தாலே ஆட்டத்தை இழக்க நேரலாம். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரானிக் பலகைக்கு வைத்திருக்கும் பணத்தில், சுருட்டிவைக்கும் போட்டிப் பலகை ஒன்று, கனமான காய்கள் ஒரு செட், கடிகாரம் ஒன்று வாங்குங்கள். மிஞ்சும் பணம் இரண்டு மூன்று போட்டிகளின் நுழைவுக் கட்டணத்துக்கு வரும்.

போன ஞாயிறு, 1997-இன் இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் எழுந்துபோன அந்த நிலையை, யார் ஆடியது என்று சொல்லாமல் ஏழு பலகைகளில் அடுக்கிவைத்தேன். கறுப்புக்கு என்ன செய்வீர்கள் என்பது மட்டுமே கேள்வி. எட்டுப் பேர் தோல்வி என்று எழுதினார்கள். நால்வர் முடிவு செய்யவில்லை. இருவர் ராணியை உள்ளே கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று எழுதி, அதற்குமேல் போக முடியாமல் நிறுத்தியிருந்தார்கள். இருட்டும் வரை வாதம் ஓயவில்லை. மடிக்கணினியை இன்னும் திறக்கவில்லை. வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.